ஒளி தராத ஒளிவட்டம்

பத்திரிகையின் அட்டை மட்டும் அச்சாகி வந்துவிட்டது. ‘விண்மீன் மண்டலங்களின் ஒளிவட்டம்’ என்று நீல எழுத்து. அதன் கீழே ‘ஏஞ்சலின்’. முதன்முதலாக அச்சேறிய தன் பெயரைத் தடவிய அவள் விரல், மேலே இருந்த சொல்லில் போய் நின்றது.

“அண்ணே, இது தப்பு. அது ஒளிவட்டம் இல்ல.”

அறிவியல் பத்திரிகை நடத்தும் கிதர் முகம்மது நிமிர்ந்தார். “நீ எழுதிக் குடுத்ததுதானம்மா?”

அவள் எழுதியதுதான். இங்கிலீஷ் கட்டுரையில் ‘ஹாலோ’ என்றிருந்தது. கோயிலில் அந்தோணியார் தலைக்குப் பின்னால் இருப்பது நினைவுக்கு வர, யோசிக்காமல் மொழிபெயர்த்துவிட்டாள். ஆனால் நட்சத்திரங்கள் பிறக்கும் மண்டலங்களை, சிறியதோ பெரியதோ, சூழ்ந்திருக்கும் அந்தச் சூடான வாயு கண்ணுக்கே தெரியாது. அதிலுள்ள ஆக்சிஜன், எட்டு எலக்ட்ரான்களில் ஐந்தைப் பறிகொடுத்தது. வெகுதொலைவிலிருந்து வரும் வேறொரு ஒளி அதைக் கடக்கையில் கொஞ்சம் குறைகிறதே, அந்தக் குறையை வைத்துத்தான் அது இருப்பதை அறிகிறார்கள்.

“யாரு கண்டுபிடிக்கப் போறா? விடும்மா.”

விட முடியவில்லை. அவள் படித்த மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றில் ஒரு கிழவர் அடுப்பின் மேல் ஏறிப் படுத்துத் தூங்குவார். தன் வீட்டு அடுப்பை நினைத்துக்கொண்டு, அவரைப் பைத்தியம் என்றே வருடக்கணக்கில் நம்பியிருந்தாள். அது குளிர்நாட்டு வீடுகளில், மேலே படுக்கிற அளவுக்கு மேடைபோலக் கட்டிய பெரிய செங்கல் அடுப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

“வேற என்னதான் போட? ஆவின்னு போடவா?”

“ஆவின்னா எங்கம்மா ஜெபமாலையோட வந்துரும்ணே.”

வாசலுக்கு வந்தாள். எதிரே பிரியாணிக் கடையில் விறகடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. அண்டாவுக்குப் பெரியது, தால்ச்சாக் குழம்புக்குச் சின்னது. பாத்திரம் ஏற்றாத இரண்டின் மேலும் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அவற்றின் சூட்டினூடே பின்சுவரிலிருந்த எழுத்துகள் மட்டும் நெளிந்தன.

“அண்ணே, வெக்கை!”

“சித்திரையில அடிக்கத்தான் செய்யும்.”

“அந்தச் சொல்லுண்ணே!”

அவர் சிரித்துவிட்டார். “அட்டைய மாத்த ஏலாது தாயி. உள்ள என்னமும் எழுதிக்க.”

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து முதல் வரியை அடித்தாள்: ‘அட்டையிலுள்ள சொல்லை நம்பாதீர்கள், தவறு என்னுடையது. இது ஒளிவட்டம் அல்ல. எரியும் அடுப்பைச் சுற்றியுள்ள வெக்கை போன்றது.’

“நம்ம அட்டைய நாமளே பொய்யிங்கிறதா? ஊரு சிரிக்கும்.”

“என் பேருதானண்ணே இருக்கு? என்னயப் பாத்துச் சிரிக்கட்டும்.”

கிதர் முகம்மது மறுபடி படித்தார். குனிந்து, ‘என்னுடையது’ என்பதை அழித்து ‘எங்களுடையது’ என்று அடித்தார்.