வீட்டுவிலங்கும் இல்லாளும்

“விண்ணப்பத்துக்கு மறுமொழி வந்ததோ?”

“இல்லை செலின். வரும்.”

“போன மாரியிலும் இதைத்தானே சொன்னீங்கள்! நான் கிழவியாகி வந்திறங்க, ‘ஆரணை நீங்கள்?’ எண்டு கேக்கப்போறீங்கள்.”

மன்னாரிலிருந்து தொலைபேசியில் மேரிசெலின் சிரித்த அச்சிரிப்பே அவள் கணவன் யோசேப் கடைசியாகக் கேட்ட குரல். அதன்பின் மூன்று திங்களாக மடலும் இல்லை. மனைவியைத் தன்னிடம் அழைக்க டென்மார்க்கு அரசு இசைவு தரவுமில்லை, ஏனென்று சொல்லவுமில்லை. அரசுக்கு எழுத அவனிடம் மொழியில்லை. எழுதித்தரக் கேட்கவோ ஓராண்டாக வாய் எழவில்லை.

நற்றமிழ் அறிந்தீர், எண்பத்தெட்டாம் ஆண்டின் கார்த்திகையில் டென்மார்க்கின் ஸ்கீவ நகரைக் காணுங்கள்: பிற்பகல் நான்கு மணிக்கே கதிரவன் களைத்துச் சாய, உருக்கி ஊற்றிய ஈயம்போற் கடற்கழி அசைவற்றுக் கிடக்க, செங்கற் சுவர்கள் மழையிற் கறுத்து நிற்க, ஈர மிதிவண்டிகளை வாயிலிற் சாத்திவிட்டு டேனிய மொழிவகுப்பில் ஒடுங்கிய ஈழத்து அகதிகள் பதின்மருள் அவனும் ஒருவன்.

அன்று ஆசிரியை கிர்ஸ்டன், பண்டை எகிப்தியரின் வீட்டுவிலங்குகளைப் படங்களிற் காட்டினாள்: தாயின் முன்காலிற் கன்றைக் கட்டிப் பால்கறப்பவனை, வாத்தின் தொண்டையில் இரை திணிப்பவனை, தலைவியின் இருக்கையடியில் மீன் தின்னும் பூனையை. பூனை இறந்தால் வீட்டார் புருவம் மழித்துத் துயர்காத்தனராம்.

“உங்களிடம் வீட்டுவிலங்கு உண்டா, யோசேப்?”

வீட்டுவிலங்கைக் குறிக்கும் ‘ஹுஸ்டியூர்’ என்னும் டேனியச் சொல், மனைவியைக் குறிக்கும் ‘ஹுஸ்த்ரு’வாகவே அவன் செவியில் விழுந்தது.

“ஒன்று. மன்னாரில். இரண்டாண்டாகக் காத்திருக்கு.”

“ஐயோ பாவம்! யார் உணவு வைக்கிறார்கள்?”

“ஒருவருமில்லை. தானே சமைக்கும்.”

வகுப்பு வெடித்துச் சிரித்தது.

“டேய் யோசேப், மனுசியை மாடாக்கிப்போட்டாய்!” என்றான் அருகிருந்த சிறீஸ்கந்தராசா. “பரவாயில்லை, மாடெண்டால் எப்பவோ வீசா குடுத்திருப்பாங்கள்.”

சிரிப்பு அவ்விடத்தே அறுந்தது. அங்கிருந்தோர் ஒவ்வொருவருக்கும் கடலுக்கு அப்பால் ஒருவர் இருந்தனர்.

தமிழ் அறியாத கிர்ஸ்டன் அடுத்த ஏட்டைப் புரட்டினாள். நார்த்துணியாற் பொதிந்த நாயொன்று, தன் தலைவனின் கல்லறையிற் கிடந்தது. பிரிந்தோர் இறந்தபின் ஒன்றுசேர்வதற்காக அவ்வாறு வைத்தனர் என்றாள் அவள்.

யோசேப் எழுந்து, தெரிந்த டேனியச் சொற்களைக் கோத்துக் கேட்டான்.

“கிர்ஸ்டன், எனக்குச் செத்த பிறகு வேண்டாம். என் மனைவி உயிரோடு இருக்கும்போதே அழைக்கச் சொல்லி, உங்கள் அரசுக்கு ஒரு கடிதம் எழுதித் தருவீர்களா?”