எதை விடச் சொன்னீர்கள்?

பல் டாக்டர் வாங்கிய படகுக்கு அவரைவிட நான்கே வயது குறைவு. ஒரு காலத்தில் பந்தயங்களைக் கலக்கிய பாய்மரப் படகு அது. எடையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று முந்தைய சொந்தக்காரர் அடுப்பைக் கழற்றினார், மெத்தையைக் கழற்றினார், கடைசியில் கழிப்பறைக் கதவையும் கழற்றிவிட்டு ஒரு துணியைத் தொங்கவிட்டார். கரண்டிக் காம்புகளில்கூட ஓட்டை போட்டார். அந்த ஓட்டைகளைத் தடவிப் பார்த்து உருகக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அந்தப் பல் டாக்டர் தலையிலேயே படகு வந்து விழுந்தது.

டாக்டரின் மனைவி இலக்கண ஆசிரியை. ஆறு வருடங்கள் பொறுத்துப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் மனிதர் படகுக்கு அடியில் படுத்து உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும்.

"இந்த வருஷமும் பந்தயத்துல கடைசியா வந்தீங்கன்னா படகை வித்துடணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

டாக்டரும் தலையை ஆட்டினார். ஆட்டிய பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தார். இதுவரை ஓடிய ஆறு பந்தயங்களிலும் அவர்தான் கடைசி.

பந்தயத்தன்று காலையில், எப்போதும் கயிறு பிடிக்கும் நண்பர் இடுப்புப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்.

"நானே வரேன். ஆள் இல்லாம தோத்துட்டேன்னு அப்புறம் சாக்குச் சொல்லக் கூடாது பாருங்க" என்று ஆசிரியை கிளம்பினார்.

டாக்டர் முன்பாயின் கயிற்றை அவர் கையில் கொடுத்தார். "நான் 'இழு'ன்னா இழுக்கணும், 'விடு'ன்னா விடணும். யோசிக்கவே கூடாது." இருபத்தைந்து வருடங்களில் மனைவியிடம் அவர் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. பேசிவிட்டுக் கொஞ்சம் பயந்தும் போனார்.

ஆனால் ஆசிரியை அசத்திவிட்டார். இழு என்றால் இழுத்தார், விடு என்றால் விட்டார். காற்றும் வலுத்தது. கிழட்டுப் படகு ஒருக்களித்துச் சாய்ந்துகொண்டு பிய்த்துக்கொண்டு கிளம்பியது. கடைசி மிதவையைச் சுற்றித் திரும்பியபோது டாக்டர் தன் கண்ணையே நம்பவில்லை.

"அங்க பாரு, உன் தம்பி!"

"எங்கே?"

"நமக்குப் பின்னாடி!"

மச்சினனின் பளபளக்கும் புதுப் படகேதான். ஆசிரியையின் முகம் மலர்ந்துவிட்டது. ஓட்டமோ சீட்டாட்டமோ, சின்ன வயதிலிருந்து அக்காவை ஏதாவது தில்லுமுல்லு செய்தே ஜெயித்தவன் அவன்.

முடிவுக் கோட்டுக்கு இன்னும் இருநூறு அடிதான். சந்தோஷம் தாங்காமல் ஆசிரியைக்கு மனதில் கிடந்ததெல்லாம் வாயில் வந்தது.

"இவ்வளவு நல்லா ஓட்டுறீங்க, ஆனா பொண்ணோட பட்டமளிப்பு விழா அன்னைக்கு இதுக்குப் பெயின்ட் அடிக்கப் போயிட்டீங்களே!"

"ஐயோ, அதை எதுக்கு இப்போ? விடு!"

விட்டுவிட்டார்.

கயிறு சரசரவென்று ஓடியது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. படகு மூச்சு வாங்கி நின்றுவிட, மச்சினன் கையை ஆட்டியபடி தாண்டிப் போனான். அவனுக்கு அடுத்து வர வேறு படகே இல்லை.

துறையில் டாக்டர் படகைக் கட்டினார். "சொன்ன சொல் சொன்னதுதான். வித்துடலாம்" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

ஆசிரியை சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். "எதை விடணும்னு நீங்க சொல்லவே இல்லை. செயப்படுபொருள் இல்லாம ஒரு வாக்கியம்! அதுக்கு நான் பொறுப்பா?"

அதற்குள் மச்சினன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்துவிட்டான். "என்னக்கா, படகை எப்போ விக்கிறதா உத்தேசம்?"

"உன்னை ஒரு தடவை மண்ணைக் கவ்வ வச்சுட்டுத்தான்டா விப்பேன்!" என்று சீறினார் ஆசிரியை. "ஏங்க, அடுத்த வருஷப் பந்தயத்துக்கு இப்பவே நம்ம பேரை எழுதுங்க. ஜெயிக்கிறோம், மறுநாளே விக்கிறோம்."

டாக்டர் பேனாவைத் திறந்தார். ஆறு வருடங்களாக ஜெயிக்கத் தவித்த மனிதர், எப்படித் தோற்பது என்று முதல் தடவையாகக் கவலைப்பட ஆரம்பித்தார்.