பொருந்தாத ஆறு எண்கள்

1999 ஆடியில், செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் அறையில் இருந்தவர்கள்: சதாசிவமாகிய நான், என் தம்பி அப்பாசாமி, அவன் மனைவி சியாமளா, டாக்டர் ஜெசிந்தா. வேறு யாரும் இல்லை.

தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். என் எலும்பு மஜ்ஜை பொருந்தினால் பிழைப்பான். பரிசோதனைத் தாளில் ஆளுக்கு ஆறு எண்கள் இருந்தன. ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

"ஒண்ணுகூடவா?" என்று கேட்டுவிட்டு சியாமளா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இறந்துபோன என் தாயைத் தொட்டதாக எனக்குப் பட்டது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியேறினேன். நடையில் காத்திருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

சதுரங்கப்பட்டினத்தில் இருந்த தம்பி வீட்டுக்கு மூன்று வாரம் நான் போகவில்லை. பிறகு தனியாக டாக்டரிடம் போய், "என் தாய் மேல் பழியா?" என்றேன்.

"பழியே இல்ல ஐயா. இந்த எண்களை மும்மூணா எழுதின சீட்டுன்னு வச்சுக்குங்க. அப்பாகிட்ட ரெண்டு சீட்டு, அம்மாகிட்ட ரெண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆளுக்கு ஒண்ணுதான் தருவாங்க. அப்பா, மகன்னா நேர் உறவு, பாதி நிச்சயம் பொருந்தும். அண்ணன் தம்பி உறவு ரெண்டு பேர் வழியா சுத்தி வருது. ரெண்டு இடத்திலயும் குலுக்கல். நாலு ஜோடி அண்ணன் தம்பியில ஒரு ஜோடிக்கு எதுவுமே பொருந்தாது."

அடுத்த பஸ்ஸில் சதுரங்கப்பட்டினம் போனேன். கட்டிலில் கிடந்தவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத்தச் சொல்ல மூணு வாரமா?" என்றான். "கொய்யா மரத்துலேர்ந்து ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வுழுந்தோம். ஒடிஞ்சது கூட ஒரே பக்கத்துக் கை. அதுக்கா பேப்பரு வேணும்? குந்துண்ணா."

உட்கார்ந்தேன். அதன் பிறகு தினமும் போனேன். பதினெட்டு நாள் இருந்தான்.

அண்ணன் என்பது தனி ஆளுக்குரிய பெயர் அல்ல. கூப்பிட ஒரு தம்பி வேண்டும். ஒன்பது ஆண்டுகளாக அந்தச் சொல் என் வீட்டில் கேட்கவில்லை.

தம்பியின் காரியத்தில் நான் மொட்டை போடவில்லை, அவன் என் தகப்பனுக்குப் பிறந்தவன் இல்லை என்பதே காரணம் என்று ஊரில் சொல்கிறார்கள். அது தவறு. மூத்தவன் இளையவனுக்கு மொட்டை போடும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.