தூங்க வைக்கும் போர்ப்பாட்டு

1

இப்போதெல்லாம் யாரும் எதைப் பாடுகிறோம் என்றே யோசிப்பதில்லை. வாயில் வருகிறது, பாடிவிடுகிறார்கள். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் இந்தக் கதை. எழுதுகிறவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர், சாவி வெட்டிப் பிழைத்தவர். கதையில் வரும் கிழவரும் அவரேதான். மறைத்து என்ன ஆகப்போகிறது?

2

மாலை வெயில் சன்னல் கம்பிகளில் மெல்ல... (வேண்டாம். அவர் சன்னல் பக்கமே திரும்பவில்லை.)

மருமகளுக்குத் திங்கட்கிழமை முதல் மறுபடி வேலை. இனி லீவு கிடையாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ஏழு மாதப் பேத்தியை மதியம் தூங்க வைப்பது கிழவர் பொறுப்பு. பேத்தியோ ஒரே ஒரு சினிமாப் பாட்டின் பல்லவிக்குத்தான் கண்ணை மூடுவாள்: ‘ரிபும் ஜஹி, புரம் தஹ.’ கிழவர் பாடவில்லை என்றால் மருமகள் வேலையை விட வேண்டியதுதான்.

அவர் அர்த்தம் கேட்டார்.

“சமஸ்கிருதம் மாமா. ஏதோ நல்லதாத்தான் இருக்கும்.”

அந்த ‘ஏதோ’ அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

3

கீழ்வீட்டில் ஒரு மெய்ப்புத் திருத்துபவர் இருந்தார். சமஸ்கிருதம் படித்தவர். சட்டையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னார்: பகைவனைக் கொல், ஊரைக் கொளுத்து. கிழவர் நம்பாமல் ஓய்வுபெற்ற சமஸ்கிருத வாத்தியார் ஒருவரிடமும் கேட்டார். அதே பதில். (அவர் கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னார்.)

4

வெட்டிய சாவியைப் பூட்டில் போட்டுத் திருப்பிப் பார்க்காமல் கிழவர் யார் கையிலும் கொடுத்ததில்லை. அர்த்தத்தையும் அப்படியே ஞாயிறு மதியம் போட்டுப் பார்த்தார். அதே மெட்டு. முதுகைத் தட்டியபடி, பதமாக: “பகைவனைக் கொல்லு... ஊரைக் கொளுத்து...”

‘கொளுத்து’வில் பேத்தி கொட்டாவி விட்டாள். வாசலில் மருமகள் நின்றிருந்தாள்.

“என்ன மாமா இது, பச்சப்புள்ளகிட்ட?”

“நீ பாடுறதத்தாம்மா பாடினேன்.”

“நான் பாடுறது பாட்டு. நீங்க பாடுறது கொலை.”

அதற்குள் பேத்தி தூங்கிப்போயிருந்தாள். ஆகவே இருவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சண்டையைத் தொடர்ந்தார்கள்.

5

திங்கட்கிழமை, பழையபடியே பாடுவதாக அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டு மருமகள் கிளம்பினாள்.

ஒரு முடிவு: வாக்கைக் காப்பாற்றினார்.

இன்னொன்று: கதவு சாத்தியதுமே ஊரைக் கொளுத்தினார்.

மூன்றாவதாக, பாட்டுக்கு அர்த்தம் எதற்கு என்று கிழவர் மனம் தெளிந்து... (இல்லை. அப்படி எதுவும் தெளியவில்லை.)

பேத்தி இரண்டு மணி நேரம் அசந்து தூங்கினாள் என்பது மட்டும் நிஜம். சாயங்காலம் மருமகள் சிரித்த முகத்தோடு வந்தாள். எதைப் பாடினீர்கள் என்று கேட்க வாயெடுத்தவள், தூங்கியெழுந்த பிள்ளையைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே விட்டாள். நீங்கள் கேட்பதானால் உங்களுக்குப் பிடித்த முடிவை வைத்துக்கொள்ளுங்கள்.

அர்த்தம் தெரியாத பாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது? கிழவருக்கு இன்னும் பிடிபடவில்லை. பிடிபட்ட மாதிரி எழுதிவைக்கவும் மனமில்லை. காகிதத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போகிறார்.