கதவுக்கடியில் ஈரத்துண்டு

காலை ஒன்பதே காலுக்கும் தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

மலைக்காடு பற்றிக்கொண்டு மூன்றாவது வாரம். பள்ளியில் காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்றே ஒன்றுதான். அதனால் எல்லா வகுப்பும் ஒரே கூடத்தில். மூன்றாம் வகுப்பு டீச்சர் ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டி, கதவுக்கடியில் ஈரத்துண்டைத் திணித்தாள். கதவைத் திறந்தால் போதும், மேஜைமேல் இருக்கும், புகையை அளக்கும் காற்று மீட்டர் எகிறும். நூற்றைம்பதைத் தாண்டினால் பள்ளியை மூடிவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. மூடினால் பிள்ளைகள் போவது தகரக்கூரை வீடுகளுக்கு. அங்கே புகைக்குக் கதவு தேவையில்லை.

"நூத்தி நாப்பத்தொண்ணு, நாட் அவுட்!" கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.

"ஸ்கோர் சொன்னது போதும். மூச்சை மிச்சம் பிடி," என்றாள்.

தலைமையாசிரியர் மணியடித்துவிட்டு வந்தார். "இனி எவன் வந்தாலும் திறக்கக்கூடாது டீச்சர். நேத்து ரெண்டு தடவை திறந்தோம். மீட்டர் இறங்க மத்தியானம் ஆயிடுச்சு."

"சரிங்க சார்."

முந்தின சாயங்காலம் அவளே பிள்ளைகளிடம் சொல்லியனுப்பியிருந்தாள்: பெல்லுக்குள்ள வந்துடணும், நேரமாச்சுன்னா ஓடி வாங்க. வருஷக்கணக்காகச் சொல்லிவந்தது. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு இருமல். எந்த இருமல் யாருடையது என்று இந்த மூன்று வாரத்தில் அவளுக்கு அத்துப்படி.

"யாரது?" என்றார் தலைமையாசிரியர்.

"நம்ம சுண்டெலி சார். என் கிளாஸ்ல இருக்கே, அந்தப் பொடிப்பொண்ணு."

"வீட்டுக்குப் போகச் சொல்லுங்க."

"அவங்கம்மா விடியறதுக்கு முன்னாடியே வேலைக்குப் போயிடும். வீடு பூட்டியிருக்கும்."

"உள்ள எண்பது பேர் இருக்காங்கம்மா. அவங்களுக்கும் நீங்கதானே டீச்சர்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

வெளியே மறுபடி இருமல். இருமலுக்கு நடுவே, மூச்சு இழுக்கும்போது மெல்லிய விசில். டீச்சர் துண்டைக் காலால் ஒதுக்கிக் கதவைத் திறந்தாள். சுண்டெலியின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். கண்மூடித் திறக்கும் நேரம்தான். ஆனாலும் கரிந்த வாசனை கூடம் முழுக்கப் பரவியது.

நூற்று நாற்பத்தாறு. நூற்று நாற்பத்தொன்பது.

இப்போது யாரும் ஸ்கோர் சொல்லவில்லை.

நூற்றைம்பத்து மூன்று. தலைமையாசிரியர் இயந்திரத்தின் தலையில் இரண்டு தட்டு தட்டினார். அதன் ஃபில்டர் அடுப்புக்கரியாகியிருந்தது. மாற்று ஃபில்டர் எந்தக் கடையிலும் இல்லை. கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார். நூற்றைம்பத்தெட்டு.

அவர் டீச்சரைத் திட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"லைன்ல நிக்கச் சொல்லுங்க டீச்சர்."

பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கைக்குட்டையை வாளித் தண்ணீரில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டார்கள். டீச்சர் மண்டியிட்டு சுண்டெலிக்கும் கட்டிவிட்டாள். உள்ளங்கைக்குக் கீழே அந்தச் சின்ன நெஞ்சு எலும்பும் தோலுமாக ஏறி இறங்கியது.

"ஓடியா வந்தே?"

"நீங்கதானே டீச்சர் ஓடி வரச் சொன்னீங்க."

கதவை விரியத் திறந்துவிட்டார்கள். ஈரத்துண்டை மிதித்தபடி முதல் வரிசை வெளியே போனது. பத்தடி தாண்டியதும் ஆள் தெரியவில்லை. சுண்டெலி வரிசையைப் பார்த்தாள். மீட்டரைப் பார்த்தாள். கைக்குட்டையைக் கீழே இறக்கிவிட்டுக் கேட்டாள்.

"டீச்சர், என்னாலயா ஸ்கூல மூடுறாங்க?"