கழிவு போக வினோதா

வட்டகொடைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற வினோதாவுக்கு இப்போது எடை கிடையாது. நோயும் இல்லை, பட்டினியும் இல்லை. கணக்கப்பிள்ளை கிஷாந்தின் வாய்ப்பழக்கம்தான் காரணம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எதை நிறுத்தாலும் தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் இரண்டு கிலோவைக் கழித்துவிட்டுத்தான் நிறையைச் சொல்வார்கள். சுட்டெரிக்கும் வெயிலிலும் தண்ணீர்க் கழிவு உண்டு. ஏன் என்று கேட்டவர்கள் கேட்டே ஓய்ந்துபோனார்கள். போன வருஷம் ஒரு மழை நாளில் கொழுந்து குறைவாக இருக்க, பெண்கள் வேடிக்கைக்கு வினோதாவைத் தூக்கித் தராசுக் கொக்கியில் தொங்கவிட்டார்கள். கிஷாந்தும் சிரித்துக்கொண்டேதான் முள்ளைப் பார்த்தான். வாய் மட்டும் பழக்கப்படி, "கழிவு போக நாப்பத்தாறு" என்று சொல்லிவிட்டது. கீழே இறங்கியபோது அவள் உடம்பில் அந்த இரண்டு கிலோ இல்லை.

அதோடு விட்டதா என்றால் அதுவும் இல்லை. அன்று முதல் அவள் கொழுந்தில் கழிக்கும்போதெல்லாம் அவளிடமும் கொஞ்சம் கழிந்தது. உடம்பு மெலியவில்லை, ரவிக்கை அதே அளவுதான், எடைதான் போய்க்கொண்டிருந்தது. முதலில் ஈரமண்ணில் அவள் காலடி பதிவது நின்றது. அட்டைகள் மட்டும் வழக்கம்போல ஏறின, அவற்றுக்கு எடை முக்கியமில்லை போலும். தீபாவளிக்குள் கவ்வாத்து வெட்டிய மொட்டை மலையில் காற்றடித்தால் அவளை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கொழும்பில் கடையில் நிற்கும் அவள் புருஷன் திலக்ஷன் போனில், "நீ ஒழுங்கா சாப்பிடுறதில்ல, அதான்" என்றான். பெண்கள் கிஷாந்தைச் சூழ்ந்துகொண்டு, "அந்தப் பாழாப்போன கழிவ நிப்பாட்டுடா" என்று கத்தினார்கள். அவன் முகம் வெளிறி, "எனக்கு அதிகாரம் இல்லக்கா, துரைகிட்டதான் கேக்கணும்" என்றான். தோட்டத்தை நடத்தும் துரை வந்து பார்த்தார், திகைத்தார், நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒருத்திக்கு நிறுத்தினால் எல்லோரும் கேட்பார்களே என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வினோதாவின் மகள் சர்மிளாவுக்கு ஐந்து வயது, பிறந்ததிலிருந்தே இழுப்பு. கார்த்திகை மாதத்தில் தாயைவிட மகளே கனமாக இருந்தாள். தெருவில் போகும்போது தாய் பிள்ளையைப் பிடித்திருக்கிறாளா, பிள்ளை தாயைப் பிடித்திருக்கிறதா என்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. அந்த நவம்பரில்தான் புயல் வந்தது. ராவும் பகலும் பெய்த மழையில் மலை மூன்று இடத்தில் கழன்று பாதை இருந்த இடமே தெரியவில்லை. போனுக்கு உயிரில்லை. விடிந்தபோது சர்மிளாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. லயத்து வரிசை வீடுகளின் ஆண்கள் வழக்கப்படி பிள்ளையைக் கம்பளியில் கிடத்திக் கம்பில் கட்டி லிந்துலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். கோயில் வளைவைத் தாண்டவில்லை, இடுப்புவரை சேற்றில் புதைந்துவிட்டார்கள். முன்னால் போன சின்னத்தம்பி அழாத குறையாக, "ஆகாது, திரும்புவோம்" என்றான்.

வினோதா கம்பளியை அவிழ்த்துப் பிள்ளையை முதுகில் வைத்துப் வேலைக்குக் கட்டும் படங்குத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் அவள் ஐயாயிரம் மீட்டர் ஓடியவள். ஒரு தடவையும் ஜெயித்ததில்லை, ஒரு தடவையும் பாதியில் நின்றதில்லை. ஒரு வருஷம் பந்தலைப் பிரித்து, கதிரைகளை லொறியில் ஏற்றி, பரிசெல்லாம் கொடுத்து முடித்த பிறகும் மைதானத்தில் தனியாக மிச்சச் சுற்றுகளை ஓடிக்கொண்டிருந்தாள் என்று ஆசிரியர்மார் இன்றைக்கும் சொல்வார்கள். "பைத்தியமா உனக்கு? காத்து அள்ளிட்டுப் போயிரும்!" என்று பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் வேலாயி கையைப் பிடித்தாள். "அள்ளட்டும்கா. இங்க ஒக்காந்து இதுக்கு மூச்சு நிக்கிறத என்னால பாக்க ஏலாது" என்று உதறிவிட்டு அவள் சேற்றின்மேல் ஓடினாள். பிள்ளையின் கனத்துக்குச் சேற்றில் விரலளவு குழிதான் விழுந்தது. புதைந்து நின்ற ஆண்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள், தங்களை வெளியே எடுக்க வேண்டும் என்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது.

சேறு விட்டது, காற்று விடவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அவளைத் தூக்கி வந்த வழியிலேயே எறிந்தது. தேயிலைச் செடியைப் பற்றி எழுந்து மறுபடி ஓடினாள், மறுபடி எறிந்தது. வட்டகொடை ஸ்டேஷன் பக்கம் வந்தபோது தாயும் மகளும் கூரை உயரத்துக்குப் போய்விட்டார்கள். பலசரக்குக் கடை மீராசாஹிப் அந்த மழையில் கதவைத் திறந்தவர், மேலே ஒரு சின்னக் கால் போவதைக் கண்டு, "யா அல்லாஹ்!" என்று அலறிக்கொண்டே எட்டிப் பிடித்து இழுத்தார். இருவரையும் கதவுக்குள்ளே விட்டார். உள்ளே ஓடிப் போய்த் தராசின் இரண்டு கிலோ எடைக்கல்லை எடுத்து வந்து அவள் இடுப்பில் செருகி, "போ புள்ள, ஓடு" என்றார்.

அங்கிருந்து தலவாக்கலை வரை ரயில் பாதைதான். கீழே மண் அரித்துப் போய்த் தண்டவாளம் வெறும் ஆகாயத்தில் தொங்கியது. அதன்மேல் அவள் ஓடினாள். தொடை எரிந்தது, நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது, பயத்தில் வாய்விட்டு அழுதாள். எடை போயிருந்ததே தவிர களைப்பு ஒரு சொட்டும் குறையவில்லை, அது எந்த ஊர் நியாயமோ! கீழே கொத்மலைக்குப் போகும் வெள்ளம் இரைந்தது. முதுகிலிருந்து, "அம்மா, மேல போறோமா?" என்று இழுத்து இழுத்து ஒரு குரல் கேட்டது. "இல்லடி, லிந்துலைக்குப் போறோம்" என்றாள். அதன் பிறகு வளைவுக்கு வளைவு அதையே உரக்கச் சொல்லிக்கொண்டு ஓடினாள். சொல்லும்போது காற்றால் அவளைத் திருப்ப முடியவில்லை. தலவாக்கலைச் சனம் இதைக் கண்ணால் கண்டது, நான் இட்டுக்கட்டவில்லை.

லிந்துலை ஆஸ்பத்திரியில் மருந்தின் அளவுக்குப் பிள்ளையின் எடை தேவைப்பட்டது. சர்மிளா தாயை விட்டு இறங்கவில்லை. நர்ஸ், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் செய்வதுபோல, இருவரையும் சேர்த்துத் தராசில் ஏற்றினாள். இடுப்பிலிருந்த இரும்பை எடுத்து வைக்கச் சொல்லி முள்ளைப் பார்த்தாள். பிறகு தாயின் எடையைக் கழிப்பதற்காகப் பிள்ளையைத் தான் வாங்கிக்கொண்டாள். முள் பூச்சியத்தில் நின்றது. வினோதா மெல்ல விட்டத்தை நோக்கி எழும்பினாள். "அனே அம்மே!" என்று சிங்களத்தில் அலறிய நர்ஸ் ஒரு கையால் அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். பின்பு தெளிந்து, கழிக்க ஒன்றுமில்லை என்று கண்டு, முதலில் பார்த்த எடைக்கே மருந்து கொடுத்தாள். மத்தியானம் பிள்ளையின் உதடு சிவந்தது. வினோதா கட்டில் காலைப் பிடித்தபடி தூங்கிவிட்டாள்.

புயலுக்குப் பிறகு பெண்கள் கழிவை நிறுத்தும்வரை கொழுந்தைத் தராசில் மாட்டமாட்டோம் என்று உட்கார்ந்தார்கள். துரை நிறுத்தினார். கிஷாந்த் வினோதாவை மறுபடி கொக்கியில் தொங்கவிட்டு, "கழிவு இல்ல! கழிவு இல்ல!" என்று தொண்டை கிழியக் கத்திப் பார்த்தான். முள் அசையவில்லை. அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். "விடு தம்பி, எறங்கணும், கையக் குடு" என்றாள் வினோதா.

இந்த வருஷம் சர்மிளா முதலாம் வகுப்பு. காலையில் தாய் அவளை முதுகில் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் ஓடி வருகிறாள். பள்ளிக்கூடக் கேட்டில் கிடக்கும் எடைக்கல்லை இடுப்பில் செருகியபின்தான் பிள்ளையை இறக்கிவிட்டு, கல்லோடு கொழுந்து பறிக்கப் போகிறாள். மீராசாஹிப் கல்லைத் திருப்பிக் கேட்கவில்லை. பள்ளி விடும் மணி அடித்ததும் பிள்ளை முதுகில் ஏறவேண்டும், அதற்கப்புறம்தான் கல்லைக் கீழே வைக்கவேண்டும். ஒரு நாள் முறை மாறி அவளைச் சவுக்கு மரத்திலிருந்து இறக்க வேண்டியதாகிவிட்டது. புதிதாக வந்த வாத்தியார் ஒருவர்தான் முதல் நாள் கையிலிருந்த தேத்தண்ணியைக் கொட்டிக்கொண்டார். இப்போது அவர்கள் ஓடிப் போனதும், மற்றப் பிள்ளைகள் தடுக்கி விழாமல் இருக்கக் கல்லை எடுத்து ஓரமாக வைப்பவர் அவர்தான்.