சுப்புராஜைத் தவிர

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு வார்த்தையிலிருந்து பிறந்தது. அந்த வார்த்தை தவறு. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

1948, தை மாதம். திருவொற்றியூர்க் கடற்கரை, விடிந்து கொஞ்ச நேரம். எங்கள் சிறிய சபையின் காரியதரிசி என்ற முறையில் நான் கரையில் நின்றிருந்தேன். (பிழைப்புக்குப் பள்ளிக்கூட வாத்தியார்.) இடுப்பளவுத் தண்ணீரில் போதகரும் அங்கம்மாவும். ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன் வழக்கமாகக் கேட்பதைப் போதகர் கேட்டார்.

"உங்களுக்குத் தீங்கு செய்த எல்லாரையும் மன்னித்துவிட்டீர்களா அம்மா?"

"மன்னிச்சிட்டேன் ஐயா. சுப்புராஜைத் தவிர."

நான் கரையிலிருந்தே சத்தம் போட்டுச் சொன்னேன்: "அப்படியானால் இந்த அம்மாவுக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாது."

அதுதான் அந்த வார்த்தை.

2

அங்கம்மா ஒரு

[இப்படித் தொடங்கி நான்கு முறை அடித்தேன். 'அங்கம்மா ஒரு ஏழை விதவை' என்று எழுதினால் படிப்பவர்கள் உடனே இரக்கப்பட்டுவிடுவார்கள். அவள் இரக்கப்பட வைக்கிற பெண் அல்ல. பேச்சில் எதிராளியை உட்கார வைத்துவிடுவாள்.]

சரி, நடந்ததை மட்டும் சொல்கிறேன். காலடிப்பேட்டையில் ஒரு அறை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தாள். தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் குச்சி அடுக்கும் வேலை. அதற்கு முன் எண்ணூர்க் குப்பத்துக்காரி. 1946 கார்த்திகையில், எண்ணூர்க் கழிமுகத்தைக் கடக்க மகள் பட்டம்மாளோடு ஓடத்தில் ஏறினாள். மகளுக்கு ஏழு வயது. பன்னிரண்டு பேர் ஏறக்கூடிய ஓடத்தில் ஓடக்காரன் சுப்புராஜ் பத்தொன்பது பேரை ஏற்றியிருந்தான். நடு ஆற்றில் ஓடம் சாய்ந்தது. கவிழ்ந்த ஓடத்தை எல்லாரும் பற்றிக்கொண்டார்கள். அங்கம்மாவும் ஒரு கையால் பற்றிக்கொண்டாள். இன்னொரு கையில் மகள் இருந்தாள்.

பிறகு இல்லை.

சுப்புராஜ் ஆறு மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்தான். அங்கம்மா குப்பத்தைவிட்டு வெளியேறினாள். திருவொற்றியூரில் யாரோ எங்கள் கூட்டத்துக்கு அழைத்து வந்தார்கள். வந்தாள், பாட்டைக் கேட்டாள், அழுதாள், மறு வாரமும் வந்தாள். அவள் எப்படி நம்பினாள் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. குளிர்ந்து கிடந்த அடுப்பில் நெருப்பு

(இந்த உவமை வேண்டாம். விட்டுவிடுகிறேன்.)

3

கடலுக்கே திரும்புவோம். நான் கத்தியதும் அங்கம்மா என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. போதகரிடம்தான் பேசினாள்.

"அந்த ஒண்ணு என்னால ஆவாது ஐயா. தேடித் தேடிப் பாத்துட்டேன், எங்கிட்ட அது இல்ல. ஆனா இத்த ஆரம்பிச்சது நானா? நான் பாட்டுக்குப் பொணம் மாதிரி கெடந்தேன். ஆண்டவருதான் வந்து எழுப்புனாரு. ஆரம்பிச்சவரு பாதியில வுட்டுட்டுப் போயிடுவாரா? முடிக்கிறது அவரு பாடு."

ஓர் அலை வந்து இருவரையும் ஆட்டிவிட்டுப் போனது. போதகர் என்னைப் பார்த்து, "வாத்தியாரே, எனக்கு இவ்வளவு விசுவாசம் இல்லை" என்றார். அவளைத் தண்ணீரில் முழுக்கி எடுத்தார்.

4

அடுத்த ஏழு வருஷம் கதைக்கு உதவாத காலம். எதுவும் நடக்கவில்லை. ஞாயிறுதோறும் ஜெப வேளையில் அங்கம்மா எழுந்து நின்று ஒரே ஒரு வரி சொல்வாள்: "ஆண்டவரே, சுப்புராஜு மேல இருந்த கோவம் இன்னும் அப்டியே கீது. பாத்துக்கோ." அவ்வளவுதான். உட்கார்ந்துவிடுவாள்.*

* முன்னூறு தடவைக்கு மேல் கேட்டிருப்பேன். ஒரு தடவைகூட அவள் குரலில் சலிப்பு இருந்ததில்லை. ஒப்படைத்த வேலையைப் பற்றி விசாரிக்கிறவள் குரல் அது.

புதிதாக வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். காரியதரிசி போய்ச் சொல்ல வேண்டும் என்றார்கள். போனேன்.

"அம்மா, இதை வீட்டில் சொல்லி ஜெபிக்கலாமே?"

"இன்னா வாத்தியாரே, எல்லாம் சரியா கீதுன்னு பொய் சொல்லட்டா?"

நான் திரும்பி வந்துவிட்டேன்.

5

1955, ஐப்பசி. கழிமுகத்துக்கு அக்கரையில் இருந்த அவள் தங்கை பவுனம்மாளுக்குக் கடுங்காய்ச்சல் என்று ஆள் வந்தது. போதகர் ஊரில் இல்லை. ஜெபிக்க நான் கூடப் போனேன்.

[இந்த இடத்தில் ஒரு புயல் எழுதினேன். புயலில் சுப்புராஜ் ஒரு குழந்தையைக் காப்பாற்றுகிறான், அங்கம்மா அதைப் பார்த்து மனம் உருகுகிறாள். நன்றாகத்தான் வந்தது. இரண்டு நாள் கழித்து அடித்துவிட்டேன். மன்னிப்புக்கு ஒரு காரணம் வேண்டும் என்று எழுத்தாளனுக்குத் தோன்றுகிறது. அன்று காரணமே இல்லை. நல்ல வெயில்.]

கரையில் ஒரே ஓடம்தான் இருந்தது. அதில் சுப்புராஜ் இருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. அங்கம்மாவைப் பார்த்ததும் கழியைக் கீழே போட்டுவிட்டான்.

"நீ ஏறாத அங்கம்மா. வேற ஓடம் வரும்."

"எப்போ வரும்?"

"சாயங்காலம்."

"எந்தங்கச்சி அது வரிக்கும் தாங்குமோ இன்னாவோ. தள்ளு."

ஏறினாள். நானும் ஏறினேன். சுப்புராஜின் பிடியிலிருந்து கழி இரண்டு முறை வழுக்கியது. நடு ஆறு வந்தது. அந்த இடம் எது என்று மூவருக்கும் தெரிந்திருந்தது. அங்கம்மா கண்ணை மூடியிருந்தாள். இப்போது கத்துவாள், அவன் மேல் பாய்வாள், அல்லது தண்ணீரில் குதித்துவிடுவாள் என்று பயந்து அவள் முந்தானையின் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். ஓடத்தின் அடியில் ஊறியிருந்த தண்ணீரைப் பார்த்தாள். கிடந்த தகர டப்பாவை எடுத்து, மொண்டு மொண்டு வெளியே ஊற்றத் தொடங்கினாள்.

"சாப்ட்டியா?" என்றாள்.

என்னைக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

"சுப்புராஜு, உன்னத்தான். காலையில சாப்ட்டியா?"

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். கழியை ஊன்றியபடியே குலுங்கிக் குலுங்கி அழுதான். ஓடம் நகரவில்லை.

அங்கம்மா என் பக்கம் திரும்பினாள். அப்படிப்பட்ட முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. பயந்துபோனவள் போலிருந்தாள்.

"வாத்தியாரே, தேடிப் பாத்தேன். காணோம்."

"என்ன காணோம்?"

"அந்தக் கோவம். ஒம்போது வருசமா இங்கதான் வெச்சினு இருந்தேன். நான் எடுக்கல வாத்தியாரே. சத்தியமா நான் எடுக்கல."

தண்ணீர் வெளிச்சமாக இருந்தது. ஞானஸ்நானம் கொடுக்க முடியாது என்று சத்தம் போட்ட என் வாயிலிருந்து அன்று ஒரு சொல்லும் வரவில்லை. யாரோ அந்த ஓடத்தில் எங்களுக்கு முன்பே ஏறி உட்கார்ந்திருந்தது போலத் தோன்றியது. கையெடுத்துக் கும்பிட்டேன். யாரை என்று சுப்புராஜுக்குப் புரிந்திருக்காது.

6

பவுனம்மாள் பிழைத்துக்கொண்டாள். இங்கேயே கதையை முடித்திருக்கலாம். பத்திரிகைக்கு அனுப்பவும் தயாராக இருந்தேன்.

ஆனால் மறு ஞாயிறு அங்கம்மா வழக்கம்போல எழுந்து நின்றாள். "ஆண்டவரே, வியாழக்கிழம எம்மவ பாவாடை கண்ணுல பட்டுச்சு. கோவம் திரும்ப எட்டிப் பாத்துச்சு. முன்ன மாதிரி இல்ல, கொஞ்சம். நீ வுட மாட்ட. எனக்குத் தெரியும்."

கூட்டம் முடிந்ததும் என் ஏமாற்றத்தை மறைக்காமல் சொன்னேன்: "முடிந்துவிட்டது என்று நினைத்தேனே அம்மா."

சிரித்தாள். "நான் இன்னும் செத்துப் போவலியே, அதுக்குள்ள இன்னாத்துக்கு முடிக்கிற? ஆண்டவரு வர்ற நாள் வரிக்கும் வேல நடந்துகினேதான் இருக்கும். உனக்குள்ளயும்தான்."

கடைசி வார்த்தையை எழுதாமல் விட நினைத்தேன். எழுதிவிட்டேன்.

7

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் சுப்புராஜ் கடலில் இறங்கி முழுகி எழுகிறான், கரையில் அங்கம்மா பாடுகிறாள். இன்னொன்றில் அவன் வரவே இல்லை, அவள் கடைசிவரை அவன் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறாள். இரண்டுமே நம்பும்படி இருக்கின்றன. இரண்டையும் கிழிக்கிறேன்.

ஏனென்றால் போன ஞாயிறு, பிரசங்கம் பாதியில் இருந்தபோது, எங்கள் கூட்டம் நடக்கிற வீட்டுக்கு வெளியே சுப்புராஜ் வந்து நின்றான். எண்ணூரிலிருந்து நடந்தே வந்திருக்க வேண்டும், கால் முழுக்கப் புழுதி. உள்ளே வரவில்லை. திரும்பிப் போகவும் இல்லை. போதகர் பேச்சை நிறுத்தினார். எல்லாரும் அங்கம்மாவைப் பார்த்தோம்.

அவள் பாயிலிருந்து எழுந்தாள். என்ன செய்யப் போகிறாள் என்பது அவளுக்கே தெரிந்திருக்கவில்லை. வாசல் பத்தடி தூரம். நடந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்த்தேன். எழுத மாட்டேன். எழுதினால் அதுதான் முடிவு என்று நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள். அந்தப் பத்தடியில் அவளை விட்டுவிட்டு நான் பேனாவை மூடுகிறேன். எனக்குப் பயமில்லை. அவள் அங்கே தனியாக நடக்கவில்லை, அவளுக்கு முன்னால், அன்று ஓடத்தில் உட்கார்ந்திருந்தவர்